இல்லாத வாய்க்கால்

மகனுக்கு அப்பாவின் ஆசீர்வாதம். இங்கே ஆளும் மாடும் கொடியும் சுகம். சுகமில்லாமல் கிடந்தது என் கோபம் ஒன்றுதான். அதுவும் உன் கடிதம் வந்த அன்று சாயங்காலம் வரைக்கும்தான். அப்புறம் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. வழக்கம்போல எல்லாரும் கேட்க நான்தான் உரக்கப் படித்தேன். உன் அம்மா ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். உன் பெண்டாட்டி அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றாள். மதுரை மில்லில் வேலை நிரந்தரமாகிவிட்டது என்று எழுதியிருந்த இடம் வரைக்கும் என் குரல் கணீரென்றுதான் இருந்தது. அதற்குக் கீழே எழுதியிருந்தாயே, அங்கேதான் எனக்குத் தடுக்கியது. லைன் வீட்டில் கிடைத்திருக்கும் அறை அகலம் எட்டடி, நீளம் பத்தடி. கூரை கைக்கு எட்டுகிறது. சிலம்பக் கம்பை எடுத்து ஒரு சுற்றுச் சுற்ற வழியில்லை, மூலையில் சாய்த்து வைத்திருக்கிறாய். கம்பு சுற்றவே இடமில்லாத இடத்தில் குடும்பம் எப்படி நடத்துவது, ஆகவே பெரிய வீடாகப் பார்த்த பிறகுதான் அவளை அழைத்துக்கொள்ள முடியும், வருஷம் ஒன்றானாலும் இரண்டானாலும் பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இதை நான் படித்து முடித்தபோது உன் அம்மா முறத்தை அப்படியே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள் பார், அந்தப் பார்வையை உனக்கு எழுதிக் காட்ட என்னால் ஆகாது.

உன்மேல் கோபமாகப் பார்த்தாள் என்று நினைத்துவிடாதே. என்மேல்தான். ஏனென்றால் இந்தப் புத்தி நீயாகத் தேடிக்கொண்டதில்லை, நான் கொடுத்த சீதனம். கல்யாணமான புதிதில் நானும் இப்படித்தான் அடிக்கோலை எடுத்துக்கொண்டு சுவரையும் களத்தையும் அளந்துகொண்டு திரிந்தேன். கம்பைப் பற்றி உனக்கு எத்தனையோ சொல்லியிருக்கிறேன், ஜெயித்த கதைகளாகப் பொறுக்கி எடுத்து. இதை மட்டும் சொல்லவில்லை. உன் அம்மாவும் இருபத்திரண்டு வருஷமாக என் மானத்தைக் காப்பாற்றி வந்திருக்கிறாள். இனிமேல் காப்பாற்றுவதில்லை என்று முறத்தின் மேல் அடித்துச் சொல்லிவிட்டாள். ஆகவே நானே சொல்லிவிடுகிறேன்.

நீ வளர்ந்த வெற்றிலைக் கொடிக்கால்தான், உனக்கு நான் வருணிக்க வேண்டியதில்லை. ஆனால் நீ அதை வேலை செய்யும் இடமாகத்தான் பார்த்திருக்கிறாய். எனக்கும் பக்கத்துக் கொடிக்கால் காதர் மாமாவுக்கும் அதுதான் சிலம்பக்கூடம். பெரியாற்றுத் தண்ணீர் வந்த பிறகு இந்தப் பள்ளத்தாக்கில் தரிசாக ஒரு சாண் நிலம் ஏது? வருஷத்துக்கு இரண்டு போகம், களத்தில் எந்நேரமும் யாராவது நெல்லைக் காயப் போட்டிருப்பார்கள். எங்கள் இரண்டு பேருக்கும் கொடிக்காலை விட்டு நகர நேரமும் கிடையாது. வாத்தியார் ஒருவரிடம் ஒரு மண்டலம் பாடம் கேட்டுவிட்டு, மிச்சத்தை அகத்தி வரிசைக்கு நடுவிலேயே நாங்களாக ஒருவரை ஒருவர் அடித்துக் கற்றுக்கொண்டோம். நடக்கும் சந்து இரண்டு முழம். இரண்டு பக்கமும் அகத்தியில் ஏறின வெற்றிலைக் கொடி, தலைக்கு மேலே அகத்தித் தழை. ஏழு காலடிக்கு ஒரு குறுக்கு வாய்க்கால். அதற்குள்ளே நெற்றி உயரக் கம்பை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்? பக்கவாட்டில் வீச முடியாது. தலைக்கு மேல் சுற்ற முடியாது. கம்பை நெஞ்சோடு ஒட்டிப் பிடித்து, நேரே குத்தலாம். கீழிருந்து மேலே ஏற்றலாம். மேலிருந்து கீழே இறக்கலாம். அடி வந்தால் ஒருக்களித்து நிற்கலாம். அவ்வளவுதான். யாருடைய கம்பு கொடியில் பட்டு ஒரு இலை கிழிந்தாலும், அவன் அன்றைக்கு அடுத்தவன் கொடிக்காலுக்கும் சேர்த்துத் தண்ணீர் இறைக்க வேண்டும் என்று எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு. முதல் வருஷம் காதர் கொடிக்காலுக்கு அவன் இறைத்ததை விட நான் இறைத்ததுதான் அதிகம்.

அந்தச் சந்து எங்கள் கம்பை மட்டும் வளைக்கவில்லை, ஆளையே வளைத்துவிட்டது. சின்னமனூர்க் கடைத்தெருவில் போகிறவர்களில் கொடிக்கால்காரன் யார் என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம். ரோடு அகலமாகத்தான் கிடக்கும், ஆனால் நாலு பேர் வந்தால் நாலு பேரும் ஒருவன் பின்னால் ஒருவனாக வருவார்கள். முழங்கை விலாவோடு ஒட்டியிருக்கும். எதிரே ஆள் வந்தால் தோளைத் திருப்பி ஒருக்களித்து வழி விடுவார்கள், பக்கத்தில் யானை போகிற அளவு இடம் இருந்தாலும். பேச்சும் அப்படித்தான். முகம் பார்த்துப் பேச எங்களுக்கு வராது. இடையிலே எப்போதும் ஒரு வரிசை வெற்றிலை இருந்தே பழக்கம். காதரும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஒரு நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருப்போம். நம் வீட்டையும் அந்த ஆட்கள்தானே கட்டினார்கள். இரண்டு வீட்டுச் சுவருக்கு நடுவே நீளமாக ஒரே ஓட்டம், வாசலில் நின்றால் கொல்லை தெரியும், குறுக்கே கை நீட்டினால் சுவர். அதெல்லாம் குறை என்று எங்களுக்குத் தோன்றியதே இல்லை, ஆண்டிபட்டிப் பக்கம் எனக்குப் பெண் பார்க்கிற வரைக்கும்.

உன் அம்மாவின் ஊரைத்தான் உனக்குத் தெரியுமே. மானாவாரி நிலம். கண்ணுக்கு எட்டுகிற வரைக்கும் சோளக்காடு, நடுவிலே நாலு வண்டி பூட்டித் திருப்புகிற மாதிரிக் களம். அந்தக் களத்தில் கம்பு பழகினவர்கள் வட்டம் போட்டுத்தான் ஆடுவார்கள். உன் தாய்மாமன் கம்பை எடுத்தால் அவனைச் சுற்றிப் பத்தடிக்குக் காற்றே புகாது. பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் கல்யாணத்தன்று விளையாட்டுக்கு ஒரு ஆட்டம் ஆடிக்கொள்வது அவர்கள் ஊர் வழக்கம். பந்தியில் ஒரு பக்கம் சாப்பாடு நடந்துகொண்டிருக்க, என்னைக் களத்தில் இறக்கிவிட்டார்கள். கழுத்து மாலையைக் கழற்றி உன் அம்மா கையில் கொடுத்தேன். மண்ணைத் தொட்டுச் சலாம் வரிசை எடுத்தேன். நம் பக்கத்துக்காரர்கள் எல்லாம் நெஞ்சை நிமிர்த்தி நின்றார்கள். நானும்தான்.

உன் மாமன் வீசிக்கொண்டு வந்தான். நான் பின்வாங்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏழு காலடி. ஏழாவது அடியில் என் கால் தானாகத் தூக்கி ஒரு தாண்டு தாண்டியது பார். நான் தாண்டச் சொல்லவில்லை. அங்கே வாய்க்காலும் இல்லை, ஒரு சொட்டு ஈரமும் இல்லை. வருஷக்கணக்காக அந்த இடத்தில் தாண்டிப் பழகின கால், தாண்டிவிட்டது. முதல் தாண்டில் யாரும் சிரிக்கவில்லை. மேற்கேயிருந்து வந்த ஏதோ புதுப் பிடி போலிருக்கிறது என்று உன் மாமனே ஒரு நொடி தயங்கி நின்றான். மறுபடி ஏழு காலடி, மறுபடி ஒரு தாண்டு. நான் நேர்கோட்டிலேயே போகிறேன், நேர்கோட்டிலேயே வருகிறேன், அவ்வளவு பெரிய களத்தில் இரண்டு முழத்தை விட்டு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் விலகவில்லை. மூன்றாவது தாண்டுக்குப் பந்தல்காலில் சாய்ந்திருந்த ஒரு பெரியவர் நிதானமாகச் சொன்னார்: “மாப்ள, அங்கன வாய்க்கா இல்லப்பா. தைரியமா வாங்க.”

களமே விழுந்து விழுந்து சிரித்தது. மேளக்காரர் கோலை விட்டுவிட்டுச் சிரித்தார். சரி, ஊர் சிரித்தால் சிரிக்கட்டும். உன் அம்மா, கழுத்தில் தாலி ஏறி ஒரு நாழிகைகூட ஆகாத பெண், என் மாலையை முகத்தில் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். அதைப் பார்த்துவிட்டேன். அப்புறம் ஆட்டம் எப்படி முடிந்தது என்பதே எனக்கு ஞாபகமில்லை. சாயங்காலத்துக்குள் எனக்கு அந்த ஊரில் ‘வாய்க்கா தாண்டி’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். இன்றைக்கும் அந்தப் பக்கம் போனால் வாய்க்கா தாண்டி மாப்பிள்ளை வந்திருக்காக என்றுதான் காப்பி கொண்டுவருகிறார்கள்.

இப்போது எழுதும்போது எனக்கே சிரிப்பாக இருக்கிறது. அன்றைக்கு அப்படி இல்லை, தம்பி. நெஞ்சு எரிந்தது. நம் ஊருக்கு உன் அம்மாவை அழைத்து வந்ததும் அவள் அந்தச் சந்து வீட்டில் நுழைந்து, தலையை உயர்த்தி, இந்தச் சுவரையும் அந்தச் சுவரையும் பார்த்தாள். நம்மைப் பார்த்து இவள் மறுபடி சிரிக்கப் போகிறாள் என்று எனக்குள் ஒரு பூச்சி குடைய ஆரம்பித்துவிட்டது. ஆடிக்கு அவளைத் தாய்வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டேன். ஆவணியில் போய் அழைத்து வரவேண்டியவன் போகவில்லை. முதலில் அகலமாக ஒரு வீடு கட்டவேண்டும், அகலமாக ஒரு களம் போடவேண்டும், அவள் அண்ணன் மாதிரி வட்டம் போட்டுச் சுற்றக் கற்றுக்கொள்ள வேண்டும், அப்புறம்தான் அவளை அழைப்பது என்று முடிவு செய்துவிட்டேன். அதற்குள் நீ வயிற்றில் இருக்கிறாய் என்று சேதி வந்தது. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே. அது எனக்கு நல்ல சாக்காகப் போயிற்று.

களத்துக்கு இடம் எங்கே? மூன்று வரிசைக் கொடியைப் பிடுங்கினேன். கொடிக்கால்காரன் காய்த்துக் கிடக்கிற மரத்தைக்கூட வெட்டுவான், தளிர் விடுகிற கொடியைப் பிடுங்க மாட்டான். நான் அகத்தியோடு சேர்த்துப் பிடுங்கி எறிந்துவிட்டு, குறுக்கு வாய்க்காலைத் தூர்த்து, பன்னிரண்டு காலடி அகலத்துக்கு மண்ணைத் தட்டி வைத்தேன். காதர் தன் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தான். ஒன்றும் சொல்லவில்லை. தனியாக நின்று கம்பைச் சுற்றினேன். கொடிக்கால் மண் பொதபொதவென்று காலை உள்ளே இழுத்தது. கை நழுவி இரண்டு தரம் கம்பு பறந்து காதர் கொடிக்காலில் விழுந்தது. எடுத்து வரப்பில் சாய்த்து வைத்திருந்தான். நீ பிறந்து பேர் வைக்கிற அன்று வந்து இரண்டு நாள் இருந்தேன். சுவர் எழும்பட்டும், வந்து அழைத்துப் போகிறேன் என்று உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் உன்னை மடியில் போட்டுக்கொண்டு, சரி என்று மட்டும் சொன்னாள்.

ஆனியில் காற்று கிளம்பியது. நம் பள்ளத்தாக்குக் காற்றைப் பற்றி உனக்கு நான் சொல்லவேண்டுமா? அகத்தி வரிசை வரிசையாக நின்று தடுத்துக்கொண்டிருந்த காற்று, நான் பிடுங்கின இடத்தின் வழியாக நுழைந்து, மிச்சமிருந்த கொடியை அகத்தியிலிருந்து உரித்துக் கீழே போட்டது. என்னுடையதில் இரண்டு வரிசை. பாவம், காதருடையதில் ஒன்று. அன்றைக்குத்தான் அவன் வாயைத் திறந்தான். “காத்துக்கு வாசல் வச்சுக் குடுத்துட்ட மாப்ள,” என்றான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவன் அதைச் சொல்லிவிட்டுக் குனிந்து, கீழே கிடந்த கொடியை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்ட ஆரம்பித்தான். நானும் கட்டினேன். ஐப்பசி மழையில் புது வீட்டு மண்சுவர் இடுப்பு உயரத்தோடு கரைந்து உட்கார்ந்தது. அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. மறுபடி முதலிலிருந்து செங்கல் அறுக்கத் தொடங்கினேன்.

அடுத்த சித்திரையில் உன் மாமன் மாடு வாங்க இந்தப் பக்கம் வந்தவன், கொடிக்காலுக்கு வந்து என்னைப் பார்த்தான். கேலி பேசவில்லை. வெற்றிலையை வாங்கி மடித்துக்கொண்டே சொன்னான்: “பய நடக்குறான் மாப்ள. பத்து நாளாச்சு.” மடித்த வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டு போய்விட்டான். நான் கையிலிருந்த மண்வெட்டியை எங்கே போட்டேன் என்று இன்றைக்கும் தெரியாது. கிடைத்த வண்டியில் தொற்றிக்கொண்டு, மிச்சத்தை நடந்து, மறுநாள் போய்ச் சேர்ந்தேன். நீ அந்தக் களத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தாய். கையில் ஒரு சோளத்தட்டை. அரைஞாணும் அதுவும்தான் உடுப்பு. நான் கையை நீட்டிக்கொண்டு உன்னிடம் ஓடி வந்தேன். நீ பயப்படவில்லை, அழவில்லை. நின்று என்னை மேலும் கீழும் பார்த்தாய். அப்புறம் குனிந்து மண்ணைத் தொட்டு நெற்றியில் வைத்து, சோளத்தட்டையைத் தூக்கி எனக்கு நேரே பிடித்தாய்.

உன் மாமன் தினமும் கம்பெடுக்கும்போது செய்ததைப் பார்த்துப் பழகியிருக்கிறாய். எதிரே புதிதாக ஒரு ஆள் வந்து நின்றால் சலாம் வைத்துக் கம்பைத் தூக்க வேண்டும், அவ்வளவுதான் உனக்குத் தெரியும். களத்தில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், சிரித்துக்கொண்டே அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். உனக்கு முதல் பல் வந்தது எனக்குத் தெரியாது. குப்புற விழுந்தது தெரியாது. நீ முதல் அடி எடுத்து வைத்தபோது வலது காலை வைத்தாயா இடது காலை வைத்தாயா என்று இன்றைக்கும் உன் அம்மாவைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அத்தனை நாளையும் நான் சுவர் அளப்பதில் போக்கினேன். எனக்கு இதைவிடப் பெரிய தோல்வி ஒன்று உண்டா, சொல்.

அன்றைக்குத்தான் உன் அம்மா என்னிடம் கல்யாணத்து ஆட்டத்தைப் பற்றிப் பேசினாள். நான் அசடு வழிய, உங்கள் ஊரே சிரிக்கிற மாதிரித் தோற்றுப் போனவன்தானே என்று ஏதோ சொன்னேன். அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். “யாரு தோத்தாக? எங்கண்ணே மூணு நாளா தோள்பட்டைக்கு எண்ணெய் தேச்சுக்கிட்டுக் கெடந்தாக. உங்க மேல ஒரு அடி விழுகல. அதச் சொல்லணும்னு வச்சிருந்தேன், நீங்க வந்தாத்தான?” நேரே போட்ட குத்து ஒன்று உன் மாமன் தோளில் இறங்கியிருக்கிறது. இரண்டு முழச் சந்தில் ஒருக்களித்துப் பழகின உடம்பு, அவன் வீச்சுக்கெல்லாம் தப்பியிருக்கிறது. சிரிப்புச் சத்தத்தில் எனக்கு அதெல்லாம் தெரியவே இல்லை. அப்படியானால் நீ ஏன் சிரித்தாய் என்று கேட்டேன். தாண்டினா சிரிக்காம என்ன செய்வாக, என்று சொல்லிவிட்டு மறுபடி சிரித்தாள். மறுநாளே உங்கள் இரண்டு பேரையும் அழைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். வந்து பார்த்தால் என் பன்னிரண்டு காலடிக் களத்தில் வரிசையாக அகத்தி விதை ஊன்றியிருந்தது. காதரிடம் நான் கேட்கவும் இல்லை, அவன் சொல்லவும் இல்லை.

அதற்காக அதன்பிறகு எல்லாம் தேனும் பாலுமாக இருந்தது என்று நினைத்துக்கொள்ளாதே. காட்டிலே கையை வீசி நடந்தவள் உன் அம்மா. முதல் மாதம் அவள் முழங்கை இரண்டும் சுவரில் இடித்துக் கன்றிப் போயிருந்தன. தலையில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாகக் குடத்தோடு வந்தவள் நடுவீட்டில் மாட்டிக்கொண்டு முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் வர முடியாமல் நின்றாள். வீடு கட்டுனாகளா, கம்புக்கு உறை செஞ்சாகளா என்று கேட்டாள். நீ தூணில் இடித்து இடித்து நெற்றியில் எந்நேரமும் ஒரு புடைப்போடு திரிந்தாய். ஆனால் ஒன்று சொல்கிறேன். அகலமான வீட்டில் கோபித்துக்கொண்டு போய் ஒரு மூலையில் நாலு நாள் உட்காரலாம். நம் வீட்டில் அது நடக்காது. அவள் அடுப்படிக்குப் போக வேண்டுமானால் நான் எழுந்து ஒருக்களித்து நிற்க வேண்டும். நான் கொல்லைக்குப் போக வேண்டுமானால் அவள் முந்தானையை இழுத்துச் சொருகி வழிவிட வேண்டும். இரண்டு பேரும் உர்ரென்று முகத்தை வைத்துக்கொண்டு நாலு தரம் அப்படித் தோள் உரசிப் போனால், ஐந்தாவது தரம் யாராவது ஒருவருக்குச் சிரிப்பு வந்துவிடும். பெரும்பாலும் எனக்குத்தான் வரும். அவளுக்கு அழுத்தம் அதிகம்.

அகலம் கெட்டது, குறுகல்தான் நல்லது என்று நான் சொல்லவில்லை. உன் மாமன் ஒரு தரம் நம் கொடிக்காலுக்குள் கம்போடு இறங்கினான். முதல் வீச்சிலேயே அகத்தியில் மாட்டிக்கொண்டு, கிழிந்த இலையைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தான். கட்டுப்பாட்டின்படி காதருக்கும் எனக்கும் சேர்த்து அன்று முழுக்கத் தண்ணீர் இறைத்தான். பதிலுக்குக் கோடையில் முல்லையாற்று மணலில் என்னை நிறுத்தி, காலை விரித்து வட்டம் போடச் சொல்லிக் கொடுத்தான். மூன்று கோடை ஆயிற்று எனக்கு அந்தத் தாண்டு போக. உனக்கு இரண்டு ஆட்டமும் வரும். சந்தில் நிற்கவும் தெரியும், மணலில் சுற்றவும் தெரியும். அப்படிப்பட்டவன் எட்டடி அறையைப் பார்த்துக் கம்பை மூலையில் சாய்த்துவிட்டேன் என்று எழுதினால் எனக்கு எப்படியிருக்கும்?

கேள். கம்பை நடுவிலே பிடிக்காதே, மூன்றில் ஒரு பங்கு விட்டுப் பிடி. அறை நீளத்துக்கு நில். பத்தடி இருக்கிறதே, நேர்க்குத்துக்கு அது தாராளம். மண்டியிட்டு உட்கார்ந்து கீழிருந்து மேலே ஏற்று. கூரை இடிக்கிற இடத்துக்கு ஒரு விரல் முன்னால் நிறுத்து. வீசுகிறவர்கள் ஆயிரம் பேர் இருக்கிறார்கள், நிறுத்தத் தெரிந்தவர்கள் கொஞ்சம்தான். ஷிப்ட் முடிந்து வந்ததும் பாயைச் சுருட்டிச் சுவரோரம் நிறுத்திவிடு. தண்ணீர்க் குடத்தை நடக்கிற வழியில் வைக்காதே. சாப்பிட்ட தட்டை நீயே எழுந்து கழுவி வை, இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுந்தால்தான் இடிக்கும். அவள் அடுப்பருகே இருக்கும்போது கம்பைத் தொடாதே. வட்டம் சுற்ற ஆசை வந்தால் வைகை மணல் உனக்குக் கூப்பிடு தூரத்தில் கிடக்கிறது, ஞாயிற்றுக்கிழமை அவளையும் அழைத்துக்கொண்டு போ. அவள் உட்கார்ந்து பார்க்கட்டும். சிரித்தால் சிரிக்கட்டும். பெண்டாட்டி சிரித்தால் உடனே போய்ச் சுவரை அளக்கக் கூடாது, ஏன் சிரித்தாய் என்று பக்கத்தில் போய்க் கேட்க வேண்டும். நான் கேட்கவில்லை.

அந்தப் பெண்ணைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். உன் கடிதத்தை நான் படித்து முடித்ததும் இங்கே ஆளுக்கு ஒன்று பேசினோம். உன் அம்மா என்னைத் திட்டினாள், நான் மில்லைத் திட்டினேன். அதுவரை அடுப்படி நிலையிலேயே சாய்ந்திருந்த உன் பெண்டாட்டி வந்து என் எதிரே நின்றாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் குரல் கலங்கவில்லை. “மாமா, அவுக ரூமெல்லாம் அளந்து எழுதிருக்காக. எனக்கு எத்தன அடி வேணும்னு எங்கிட்ட யாருமே கேக்கலையே?” என்றாள். எனக்குச் சுருக்கென்றது. அம்மாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கல்யாணமாகி எட்டு மாதம் இந்த வீட்டில் அரைத்து, சமைத்து, கொடிக்காலுக்குக் கஞ்சி கொண்டுவருகிற பெண். நீ அகலத்தைக் கேட்டாய், நீளத்தைக் கேட்டாய், கூரை உயரத்தைக்கூடக் கேட்டாய். நானும் என் காலத்தில் அப்படித்தான். சரி ஆத்தா, இப்போது நான் கேட்கிறேன், உனக்கு எத்தனை அடி வேண்டும் என்றேன். அதை அவரிடமே சொல்லிக்கொள்கிறேன் என்றுவிட்டாள்.

உறையைத் திருப்பிப் பார், தபால் முத்திரை இருக்காது. யுத்தத்துக்கு என்று சர்க்கார் பிடுங்கிக்கொண்டுபோன நம் பக்கத்து ரயில் தண்டவாளத்தை இன்னும் திருப்பிப் போட்டபாடில்லை. வெற்றிலைக் கட்டோடு மதுரைக்குப் போகிற காதர் மாமா துணையில், கரிப் புகை கக்குகிற அந்தப் பஸ்ஸில்தான் இந்தக் கடிதம் வருகிறது. உன் கையில் இதைக் கொடுத்தவள் யார் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீ முழுக்கப் படித்து முடிக்கிற வரைக்கும் வாசலைத் தாண்டி உள்ளே வரமாட்டேன் என்று இங்கேயே சொல்லிவிட்டுத்தான் கிளம்பினாள். நான்தான் சுருக்கமாக எழுதியிருக்க வேண்டும், அறிவில்லை எனக்கு. இடுப்பு ஒடிய அந்தப் பஸ்ஸில் உட்கார்ந்து வந்தவள், உன் அம்மா கட்டிக் கொடுத்த மூட்டையையும் தகரப்பெட்டியையும் இன்னும் கீழே வைக்காமல் நின்றுகொண்டிருப்பாள். கடிதத்தை அப்புறம் மடிக்கலாம். எழுந்து போய் முதலில் அந்தப் பெட்டியை வாங்கு.